கருகாத இரண்டு வரிசைகள்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் வயலில் மூத்தவள் கிள்ளி எடுத்த அந்த ஒற்றை இலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மழை பிடித்து ஒன்பதாம் நாள் அது. வயல் முழுக்க உருளைச் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கின. ஈரக் காலத்தில் வரும் கருகல் நோய். நுழைந்தால் நான்கே நாளில் வயலை முடித்துவிட்டுத்தான் போகும். பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் மட்டும் இரண்டு வரிசை, ஊரில் எதுவுமே நடக்காததுபோல் பச்சைப்பசேலென்று நின்றது. தங்கையும் அவள் கணவனும் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுதான் மூத்தவளுக்கு உறுத்தியது. ஒரு இலையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, எதுவும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

இன்று புதன்கிழமை. காலை எட்டேகால். ஆய்வு நிலையத்தின் மூன்றாவது அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. மூத்தவள் கணினியில் அந்த இலையின் மரபணுச் சோதனை முடிவைத் திறந்தாள்.

ஒன்று, ஒன்று, ஐந்து, பதினொன்று.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையை மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். எண்கள் மாறவில்லை.

உருளைச் செடிக்குள் ஒரு மரபணு உண்டு. கருகல் கிருமி வந்து தட்டினால் கதவைத் திறந்துவிடுகிற இளகிய மனசு அதற்கு. அதை மட்டும் குறிவைத்து நறுக்குவதுதான் இந்த நிலையத்தின் வேலை. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து செடிக்குள் விடுவதில்லை. இருக்கிற இடத்தில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். ஆனால் மனிதனுக்கு எல்லா மரபணுவும் இரண்டிரண்டு பிரதி என்றால் உருளைக்கு நான்கு நான்கு. நான்கிலும் வெட்டு விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் கிருமி அந்த வழியாக நுழைந்துவிடும்.

வெட்டுப்பட்ட இடத்தைச் செடி தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். அப்போது மரபணுவின் சில எழுத்துகள் உதிர்ந்துபோகும். எது எத்தனை உதிரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கு பிரதியிலும் முறையே ஒன்று, ஒன்று, ஐந்து, பதினொன்று என்று உதிர்ந்தது ஒரே ஒரு செடியில்.

அதற்குப் பெயர் பதினேழாம் எண்.

பதினேழை வளர்த்தது அவள் கைதான். கண்ணாடித் தட்டில் மிளகு அளவுக்குப் பச்சைக் கட்டியாக இருந்ததை மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றி, பதினான்கு மாதம் காத்திருந்து செடியாக்கினாள். வீட்டில் மகளுக்குப் பரீட்சை நடந்தபோதும் ஒரு முறை தவறவிடவில்லை. கட்டுரைகளில் டாக்டரம்மாவின் பெயர் வரும். உதவியாளரான மூத்தவளின் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் வந்தாலே பெரிது. ஆனால் பதினேழு முதல் வேர் விட்டது என்றைக்கு என்று தெரிய வேண்டுமானால் டாக்டரம்மாவே இவளிடம்தான் கேட்பார்.

பதினேழு இருக்க வேண்டிய இடம் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சோதனை வயல். இரட்டை வேலி, ஒரே வாசல், பூட்டு. நடவு முடிந்து மிஞ்சும் கிழங்குகளை எண்ணி, எடை போட்டு, நீராவியில் வேகவைத்து அழித்துவிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்து மாதத்துக்கு முன்னால் அப்படி மிஞ்சியவை இருபத்துநான்கு கிழங்குகள்.

அந்தப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. அழித்தவர் என்ற இடத்தில் அவள் கணவர். நேரில் பார்த்தவர் என்ற இடத்தில் அவள்.

அவள் நேரில் பார்க்கவில்லை.

---

ஒன்பதரைக்கு டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரே ஒரு தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சேதி நல்லதில்லை என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"உட்காருங்க. கிழங்கோட பரிசோதனை முடிவு வந்திருக்கு."

"வெள்ளிக்கிழமை தணிக்கைக் குழு வர்றதுக்குள்ள வராதுன்னு சொன்னாங்களே."

"சீக்கிரமா வந்துடுச்சு. பதினேழுல கசப்புப் பொருள் அதிகமா இருக்கு. எல்லா உருளையிலயும் கொஞ்சம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். வெயில் பட்டுப் பச்சையானா கூடும். கிலோவுக்கு இருநூறு மில்லிகிராம் வரைக்கும் விடலாம்."

"இதுல?"

"நானூத்திப் பத்து."

மூத்தவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று தடவை சோதித்திருந்தார்கள். மூன்றும் நானூற்றுக்கு மேல்.

"நாம வெட்டினதால வந்ததா, மேடம்?"

"அப்படித் தெரியல. நாலாம் எண்ணுலயும் அதே மரபணுவைத்தான் வெட்டியிருக்கோம். அது எண்பதுலதான் இருக்கு. தட்டுல கட்டியா வளர்றப்போ சில சமயம் வேற ஏதாவது புரண்டுடும். அதுக்குத்தானே இத்தனை சோதனை." டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கருகல் வந்தா நாலு அவ்வளவு திடமா நிக்காது. ஆனா சாப்பிடலாம். பதினேழைக் கைவிட்டுடுவோம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"சாப்பிட்டா என்ன ஆகும்?"

"வயித்தைப் புரட்டும், வாந்தி, தலைசுத்தல். அளவைப் பொறுத்தது. பெரியவங்க ஒரு வேளை சாப்பிட்டுத் தப்பிச்சுக்கலாம். குழந்தைங்களுக்கும் வயித்துல பிள்ளை இருக்கிறவங்களுக்கும் வேண்டவே வேண்டாம்." சற்று நிறுத்தி, "ஏன் கேக்கிறீங்க? அது வேலிக்குள்ளதானே இருக்கு" என்றார்.

"சும்மா கேட்டேன், மேடம்."

"வெள்ளிக்கிழமை அழிப்புப் பதிவேட்டைத்தான் முதல்ல கேப்பாங்க. எடுத்து வெச்சுடுங்க."

மூத்தவள் எழுந்து வந்தாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்துவிட்டோம் என்பது கதவைச் சாத்தியபோதே தெரிந்தது. ஆனாலும் அவள் திரும்பிப் போகவில்லை. கால்கள் நீராவி அறைப் பக்கம் நடந்தன.

---

அவள் கணவருக்கு நிலையத்தில் 'குக்கர்' என்று பெயர். ஆளுயர ஆட்டோகிளேவ் இயந்திரத்தை இருபது வருடமாக ஓட்டுகிறவர். சோதனைக்கூடத்தின் குப்பை, கிழங்கு, மண் எல்லாவற்றையும் அதில் வைத்து வேகவைத்து உயிரில்லாமல் ஆக்குவது அவர் வேலை. "வீட்டுல குக்கர் அவ வைப்பா, ஆபீஸ்ல நான் வைக்கிறேன்" என்று அவரே சொல்லித் திரிவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"வா வா, டீ இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள். "இருபத்துநாலு கிழங்கு எங்கங்க?"

"எந்தக் கிழங்கு?"

"பத்து மாசத்துக்கு முன்னாடி வேகவெச்சதா எழுதினீங்களே, அது."

குக்கர் அழுத்தமானியைப் பார்த்தார். அதில் பார்க்க எதுவும் இல்லை. இயந்திரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. "வேகவெச்சது எங்க இருக்கும்? உரக்குழிக்குப் போயிருக்கும்."

"பாப்பா வயல்ல ரெண்டு வரிசை நிக்குது. இலையைக் கிள்ளிட்டு வந்து பாத்துட்டேன். பொய் சொல்லாதீங்க."

பாப்பா என்பது அவள் தங்கை. வயது முப்பத்தெட்டு. குடும்பத்தில் இன்னும் பாப்பாதான்.

குக்கர் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"வேற கிழங்கு வாங்கிப் போட்டு வேகவெச்சேன். எடை சரியாத்தான் இருந்துச்சு."

"எடை மட்டும் சரி பாத்தீங்களாக்கும்."

"சகலை என்கிட்ட எதுவும் கேக்கல. அதை முதல்ல புரிஞ்சுக்க." அவர் குரல் தாழ்ந்தது. மனைவியின் தங்கை கணவன் மட்டுமில்லை. குக்கருக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் அவன்தான். "போன வருஷம் கருகல் வந்தப்போ நான் போயிருந்தேன். அழுகின கிழங்கை மண்வெட்டியால வாரிக் கொட்டிக்கிட்டிருந்தான். நாத்தம் தாங்காம மூக்குல துணி கட்டியிருந்தான். அதுக்கு மேல கண்ணு மட்டும் தெரிஞ்சுது. மறுநாள் இங்க வந்தா, நோயே வராத கிழங்கை வேகவெச்சுக் கொட்டுன்னு ஒரு பை கொடுத்து அனுப்புறாங்க. என்னால முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

அவள் ஜன்னல் விளிம்பிலிருந்த டம்ளரை உள்ளே தள்ளி வைத்தாள்.

"மாட்டினா, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்லிடுறேன்" என்றார்.

"தெரியாம கையெழுத்துப் போட்டதுதான் என் தப்பு. நேர்ல பாத்துட்டுப் போடணும்னு அதுல அச்சடிச்சிருக்கு. நீங்க சொன்னீங்களேன்னு போட்டேன்." அவள் சுவரில் சாய்ந்தாள். "அதை விடுங்க. பதினேழைச் சாப்பிடக் கூடாதாம். காலையிலதான் முடிவு வந்துச்சு. வரம்பைப் போல ரெண்டு மடங்கு கசப்பு."

குக்கர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

"அப்போ முதல் அறுவடை..."

"என்ன முதல் அறுவடை?"

"இப்போ நிக்கிறது ரெண்டாவது போகம். முதல் போகம் எடுத்து ஆறு மாசம் ஆச்சு. ஒன்றரை மூட்டை வந்துச்சுன்னு சகலை சொன்னான். அதுல கொஞ்சம்தான் இப்போ நட்டிருக்கான். மிச்சம் என்ன ஆச்சுன்னு பாப்பாவைத்தான் கேக்கணும்."

வெளியே யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. இருவரும் அது போகும்வரை பேசவில்லை.

"இப்படிச் செய்வோம்" என்றார் குக்கர். "இப்பவே போய் அந்த ரெண்டு வரிசையைப் பிடுங்கிச் சாக்குல கட்டிக்கிட்டு வந்துடலாம். நாளைக்குக் குப்பையோட குப்பையா வேகவெச்சுடுறேன். பதிவேட்டுல எழுதினது பத்து மாசம் தாமதமா உண்மையாயிடும். யாருக்கும் நஷ்டமில்ல."

மூத்தவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. அப்படிப் பிடித்துப்போனதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. கல்லூரியில் படிக்கிற மகள், இருவருடைய வேலை, இருபது வருடப் பெயர் எல்லாம் அந்த யோசனைக்குள் பத்திரமாக இருந்தன.

"மூணு சாக்கு எடுத்துக்கங்க" என்றாள்.

---

மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். வழி நெடுகக் கறுத்த வயல்கள். வயலுக்கு அரை மைல் முன்பே அந்த நாற்றம் வந்துவிட்டது, அழுகிய கிழங்கின் நாற்றம்.

சகலை செத்த செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தான். முழங்கால்வரை சேறு. அவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான். ஸ்கூட்டரில் இருந்த சாக்குகளைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொட்டகைக்குள்ளிருந்து பாப்பா களைக்கொத்தோடு வெளியே வந்தாள்.

"வாங்க மாமா. வாக்கா. ஞாயித்துக்கிழமை பாவமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனது பத்தலையா?"

"பாப்பா, அந்த ரெண்டு வரிசையைப் பிடுங்கணும்."

"எதுக்கு?"

"அது வெளியே இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆளுங்க வர்றாங்க. எங்க ரெண்டு பேரோட வேலையும் போயிடும்."

பாப்பா நேராகப் போய் அந்தப் பச்சை வரிசைகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். செடிகள் அவள் இடுப்புக்கு எட்டின.

"நல்லாப் பாரு. மூணு ஏக்கர்ல இதுதான் மிச்சம். அடுத்த நடவுக்கு இதுதான் விதை. உன் வேலை போயிடும்னு சொல்ற. எங்க வேலை போய் ரெண்டு வருஷம் ஆச்சு, கவனிச்சியா?"

"கவனிக்காம இல்ல."

"இத்தனை வருஷமா அந்த ஆபீஸ்ல என்ன பண்றேன்னு ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருப்பியா? கருகல் வராத செடி உன் கையில இருந்துச்சு. என் வயல் அழுகினப்போ நீ பக்கத்துல நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டிருந்த."

"வெளியே சொல்லக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் பாப்பா."

"நான் வெளியேவா?"

சகலை தலையைக் குனிந்துகொண்டான். குக்கர் சாக்கின் வாயைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

"அதுல என்ன இருக்குன்னு எங்களுக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்" என்று மூத்தவள் மெதுவாகத் தொடங்கினாள். கசப்புப் பொருளைப் பற்றிச் சொன்னாள். இருநூறையும் நானூற்றுப் பத்தையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னாள். "நோய் தாக்கல, அது உண்மை. ஆனா திங்க ஆகாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கா வேலிக்குள்ள வெச்சிருந்தோம்."

பாப்பாவின் கையிலிருந்த களைக்கொத்து இறங்கியது. கணவனைப் பார்த்தாள்.

"தொண்டையைக் காறுதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்" என்றான் சகலை.

"நான் தோலைத் தடிமனாச் சீவிட்டு மறுபடியும் போட்டேன்." அவள் மூத்தவள் பக்கம் திரும்பினாள். "பசங்களும் சாப்பிட்டாங்கக்கா. பெரியவனுக்கு அப்போ ரெண்டு நாள் வாந்தி. வெயில்ல விளையாடினதுன்னு நினைச்சேன்."

"இப்போ நல்லா இருக்கானா?"

"ம். அப்புறம் நாங்க சாப்பிடறதை விட்டுட்டோம். காறுச்சேன்னுதான் விட்டோம்."

"மிச்சம்?"

பாப்பா களைக்கொத்தை மண்ணில் ஊன்றினாள். சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமை வெளியே வரும்போதே கசங்கிப்போனது.

"ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். நம்ம தெருவுலதான். போன போகத்துல சுத்தி எல்லாம் கருகினப்போ இது மட்டும் நின்னதைப் பாத்தாங்க. விதைக்குக் கொடுன்னு வாசல்ல வந்து நின்னாங்க. என் வாசலுக்கு வந்து யாரும் எதுவும் கேட்டதில்லக்கா. எப்படி இல்லன்னு சொல்றது? வீட்டுக்குப் பத்து கிழங்கு கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னாடி நட்டிருக்காங்க. இந்த வாரம் தோண்டுறாங்க."

ஏழு வீடு, எழுபது கிழங்கு என்று மூத்தவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள்.

குக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பதட்டப்படாத. ஏழு வீட்டுக்கும் போய் நைசா வாங்கிட்டு வந்துடலாம். எலி மருந்து பட்டுடுச்சுன்னு சொல்லுவோம். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

"ஏற்கெனவே சாப்பிட்டவங்க இருந்தா?"

"அதையும் கேட்டுக்கலாம்."

"வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனா, எலி மருந்து சாப்பிட்டோம்னுதானே சொல்லுவாங்க? அதுக்குத்தானே வைத்தியம் பாப்பாங்க?"

குக்கர் கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டார்.

"விஷயம் தெரிஞ்சவங்க யாராவது அவங்களுக்கு உண்மையைச் சொல்லணுங்க" என்றாள் மூத்தவள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். குக்கர் ஒரு அடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை.

---

டாக்டரம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். மூத்தவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். இலை, நான்கு எண்கள், இருபத்துநான்கு கிழங்குகள், தான் பார்க்காமல் போட்ட கையெழுத்து, ஏழு வீடுகள்.

"காலையில என் எதிர்ல உட்கார்ந்தப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இலை முடிவு தெரியும். மத்தது தெரியாது."

மறுமுனையில் மேஜை டிராயரைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சரி. முதல்ல அந்த ஏழு வீடு. என்ன கிழங்கு, எதுக்காகத் திரும்ப வாங்குறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. யாராவது சாப்பிட்டிருந்தா எழுதிக்கங்க, எவ்வளவு, எப்போன்னு. நான் ஆஸ்பத்திரிக்குப் பேசி வைக்கிறேன். குழுவுக்கும் இன்னைக்கே சொல்லியாகணும்."

"சரிங்க மேடம்."

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ளே வர வேண்டாம். மூணாவது அறைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"பையில இருக்கு."

"வாசல்ல காவலாளிகிட்ட கொடுத்துடுங்க." டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மூத்தவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பதினேழைச் சோதனை வயல்லேருந்து நாளைக்கு எடுக்கணும். உங்களை வெச்சு எடுக்கலாம்னு நினைச்சிருந்தேன்."

பேச்சு முடிந்து திரும்பியபோது சகலை வரிசையின் கடைசியில் குனிந்திருந்தான். முதல் செடியை வேரோடு பிடுங்கினான். மண்ணோடு ஆறேழு கிழங்குகள், வழுவழுவென்று, ஒரு கறையில்லாமல் வந்தன. அவற்றைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சாக்கில் போட்டான்.

"விடு சகலை, நான் செய்றேன்" என்றார் குக்கர்.

"ஒரு கிழங்கு விடாம எடுக்கணும். உங்களுக்குத் தோண்டத் தெரியாது" என்றான் சகலை. ஆளுக்கொரு வரிசையாகத் தோண்டிக்கொண்டு போனார்கள்.

---

அக்காளும் தங்கையும் தெருவுக்கு நடந்தார்கள். பாப்பா வீட்டைக் காட்டுவாள், தள்ளி நிற்பாள், மூத்தவள்தான் சொல்ல வேண்டும்.

முதல் வீட்டில் தபால்காரர் பாதி கேட்கும்போதே கிழங்கைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். இரண்டாவது வீட்டில் ஒரு வேளை சமைத்திருந்தார்கள். மூத்தவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்: பெரியவர்கள் இரண்டு, நேற்று மதியம், ஆளுக்கு ஒரு கிழங்கு. அந்த வீட்டு அம்மாள், "அதான் ராத்திரி பூரா ஒரு மாதிரி இருந்துச்சா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். மூன்றாவது வீட்டில் இன்னும் தோண்டவில்லை, இவர்களே தோண்டினார்கள்.

நான்காவது வீடு தச்சருடையது. அவர் வாசற்படியில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"தர முடியாது" என்றார்.

"ஐயா, சாப்பிடக் கூடாதுன்னு..."

"நான் திங்கல. விதைக்கு வெச்சிருக்கேன். இந்தத் தெருவுல இந்தச் செடி மட்டும்தான் பச்சையா நிக்குது. இத்தனை நாள் நீங்க வேலி போட்டு வெச்சிருந்தீங்க. இப்போ எங்க கைக்கு வந்ததும் விஷம்னு சொல்றீங்க. எதை நம்புறது?"

மூத்தவளிடம் தாள் இருந்தது, எண் இருந்தது, இருபது வருட அனுபவம் இருந்தது. இதில் எதையும் அந்த வாசலில் எடுத்து வைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

பின்னாலிருந்து பாப்பா முன்னால் வந்தாள்.

"அண்ணே, நான் கொடுத்த கிழங்கு. நானே கேக்கிறேன். என் பெரியவன் இதைத் தின்னுட்டு ரெண்டு நாள் வாந்தி எடுத்தான். இப்போ அவங்கப்பா எங்க ரெண்டு வரிசையையும் தோண்டிக்கிட்டிருக்காரு. வேணும்னா வந்து பாருங்க. எங்களுக்கும் வேற விதை இல்லண்ணே."

தச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். "தோட்டம் பின்னாடி இருக்கு" என்றார்.

ஐந்தாவது, ஆறாவது வீடுகளில் பேசியது பாப்பாதான். மூத்தவள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏழாவது வீடு தெருக்கோடியில், தையல்காரம்மாவுடையது. கதவில் பூட்டுத் தொங்கியது. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். செடிகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். மண் கிளறிக் கிடந்தது. ஒரு கிழங்குகூட மிச்சமில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "தையல்காரம்மாவைத் தேடுறீங்களா? மத்தியான பஸ்ஸுக்குப் போயிட்டாங்களே. மகளுக்கு இது ஒன்பதாம் மாசமில்லையா? பிரசவம் வரைக்கும் கூட இருந்து சமைச்சுப் போடணும்னு போயிருக்காங்க."

"எந்த ஊருக்கு?" என்றாள் மூத்தவள்.

"மருமகனுக்குப் போன மாசம்தான் புது ஊருக்கு மாத்தலாச்சு. பேர் என்னமோ சொன்னாங்க, எனக்கு நிக்கல. கையில பெரிய பையா ஒண்ணு வெச்சிருந்தாங்க. தூக்க முடியாம நான்தான் பஸ் வரைக்கும் ஒரு பக்கம் பிடிச்சேன். அத்தனையும் கிழங்கு."

பாப்பா தன் போனை எடுத்துத் தையல்காரம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

பூட்டிய கதவுக்கு உள்ளே மணி அடித்தது.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"போனை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள் மூத்தவள்.

"ஊட்டமான கிழங்கு, பிள்ளை பெறப்போறவளுக்கு நல்லதுன்னு நான்தான்க்கா சொன்னேன்" என்றாள் பாப்பா. "நேத்துச் சாயந்திரம். இதே வாசல்ல நின்னு."

அவள் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள். யாரும் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தும் மூத்தவள் தடுக்கவில்லை. உள்ளே மணி அடிக்கத் தொடங்கியது.